சைக்ளமன் வாடுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

சைக்ளமன் செடி கோலாலம்பூர் வீட்டுக்கு வந்து ஓரிரு வாரத்தில் இலை மஞ்சளித்துத் தலை சாய்ந்தால், முதலில் கையிலிருக்கும் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள். இந்த ஊரில் இந்தச் செடி சாவதற்குப் பெரும்பாலும் வெயிலோ பூச்சியோ காரணம் இல்லை. வாடியதைப் பார்த்துப் பதறி நாம் ஊற்றும் தண்ணீர்தான் காரணம்.

ஆல்ப்ஸ் வயலட் என்றும் அழைக்கப்படும் இந்தச் செடியைக் கேமரன் மலையிலிருந்து ஆசையாகத் தூக்கி வருகிறோம். இதய வடிவ இலையில் வெள்ளிக் கோலம். அதற்கு மேலே இதழ்களைப் பின்னால் மடித்துக்கொண்டு நிற்கும் சிவப்பு, ரோஜா, வெள்ளைப் பூக்கள். பார்த்தவருக்கு வாங்காமல் திரும்ப மனம் வராது. வீட்டுக்கு வந்தபிறகுதான் கவலை தொடங்குகிறது. அதனால் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். அவை இல்லாமல் மற்றவை பிடிபடாது.

செடிக்குப் பிடித்தது எது

பூச்சட்டியில் நம் கைக்கு வருவது சைக்ளமன் பெர்சிக்கம் என்ற இனம். துருக்கி, சிரியா, லெபனான், சைப்ரஸ் எனக் கிழக்கு மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகள்தான் அதன் சொந்த மண். அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். மழை தொடங்கியதும் இலை விட்டு, குளிரிலேயே பூத்து, வேனில் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் கிழங்காக உறங்கிவிடும். அந்த நாட்டு வேனிலும் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கிழங்கு அதைத் தாங்கிக்கொள்கிறது, ஏனென்றால் அப்போது மண் சுத்தமாகக் காய்ந்து கிடக்கிறது.

சூடும் ஈரமும் சேர்ந்து வருவது அதற்குப் பழக்கமில்லை. நம் ஊரில் ஆண்டு முழுக்க இருப்பதோ அந்த இரண்டும்தான். பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24, 25, காற்றில் எந்நேரமும் ஈரம். நன்றாகப் பூக்க அதற்கு வேண்டியது 13 முதல் 18 டிகிரி வரை. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும்; அதனால் அங்கே செடி செழித்து நிற்கிறது. பினாங்கு கொடிமலையின் உயரம் 833 மீட்டர். அடிவாரத்தைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர் கிடைக்கும், அவ்வளவுதான். ஜார்ஜ்டவுனில் இருப்பதைவிட அங்கே கொஞ்ச நாள் கூடுதலாகப் பூக்கும் என்று எதிர்பார்க்கலாம். நிரந்தர வீடாக அது போதாது.

சூடு இந்தச் செடியைத் தூங்க வைக்கும். சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் அழுகிவிடும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஒரு சிறு எச்சரிக்கை. உங்கள் செடியின் இலையில் பஞ்சு போன்ற மெல்லிய ரோமம் இருந்து, நடுவில் கிழங்கும் இல்லையென்றால், அது ஆப்பிரிக்க வயலட். தான்சானியா மலைப்பகுதியைச் சேர்ந்த அந்தச் செடி இதற்கு உறவே இல்லை. கோலாலம்பூர் வீட்டுக்குள் அது ஆண்டுக்கணக்கில் நன்றாக வளரும். இங்கே சொல்வதை அதற்குச் செய்ய வேண்டாம்.

எதையும் ஊற்றுவதற்கு முன் மூன்று சோதனை

முதலில் சட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமா, லேசா? நர்சரி மண்ணில் பெரும்பகுதி பீட், அதாவது சதுப்பு நிலத்துப் பாசி மட்கியது. அது ஈரமாக இருக்கும்போதும் காய்ந்தபோதும் எடையில் பெரிய வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று முறை தூக்கிப் பழகினால் கை தானாகவே சொல்லிவிடும். மேல்மண்ணை விரலால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். மேலே காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருப்பது இங்கே சகஜம்.

அடுத்தது கிழங்கு. இலைக் காம்புகளை இரண்டு கையாலும் மெதுவாக விலக்குங்கள். நடுவில், மண்ணிலிருந்து கொஞ்சம் எழும்பினாற்போல், பழுப்பாகத் தட்டையான கிழங்கின் மேல்பாகம் தெரியும். கட்டைவிரலால் அதன் ஓரத்தை அழுத்துங்கள். நல்ல கிழங்கு வேகாத உருளைக்கிழங்கு மாதிரி கட்டியாக இருக்கும். அழுத்திய இடம் உள்ளே போனாலோ, விரலில் பிசுபிசுப்பு ஒட்டினாலோ அழுகல் தொடங்கிவிட்டது. லேசாகச் சுருங்கி, ஆனால் உலர்ந்து இருந்தால் அது தாகம் அல்லது உறக்கம், பயம் இல்லை.

மூன்றாவது, ஒரு மஞ்சள் இலையின் காம்பைக் கிழங்கை ஒட்டினாற்போல் பிடித்து, ஒரு திருகு திருகி, வெடுக்கென்று இழுங்கள். காம்பு அடியோடு கழன்று, அடிமுனை வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ சுத்தமாக இருந்தால் நல்லது. முனை பழுப்பாகக் கூழாகி வந்தால் அழுகல் கிழங்கு வரை போயிருக்கிறது. வாடிய இலையையும் பூவையும் எடுக்க எப்போதும் இதே முறைதான். கத்தரிக்கோலால் வெட்டினால் மிஞ்சும் குச்சி ஈரத்தில் அழுகி, அதன் வழியாகவே நோய் கிழங்குக்குள் இறங்கும்.

இலை, பூ எல்லாம் தொங்கிவிட்டது

"அக்கா, தண்ணி ஊத்த ஊத்த வாடுதே, என்ன செய்யறது?" என்றுதான் பெரும்பாலும் என்னிடம் கேட்பார்கள். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் வாடும் சைக்ளமனும் தண்ணீர் மிஞ்சி வாடும் சைக்ளமனும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். வேர் அழுகினால் சட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. அதனால் இலை தாகத்தில் வாடுவது போலவே தொங்கும். மேலும் ஊற்றினால் மிச்ச வேரும் போய்விடும்.

சட்டி லேசாக, கிழங்கு கட்டியாக இருந்தால் தாகம். மேலே இருந்து ஊற்றாதீர்கள். நன்றாகக் காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடித்துளையில் வெளியே போய்விடும், உள்ளே மண் காய்ந்தே இருக்கும். ஒரு பேசினில் இரண்டு அங்குலத் தண்ணீர் விட்டு, சட்டியை அதில் இருபது நிமிடம், ரொம்பக் காய்ந்திருந்தால் அரை மணி நேரம் வையுங்கள். மண் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எடுத்து நன்றாக வடிய விடுங்கள். காலையில் செய்தால் மாலைக்குள் காம்புகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துவிடும்.

வழக்கமான தண்ணீரும் இப்படிக் கீழிருந்து கொடுப்பதே நல்லது. கிழங்கின் உச்சியில் உள்ள குழியில் தண்ணீர் தேங்கினால் இந்தச் சூட்டில் மறுநாளே வேலையைக் காட்டிவிடும். ஆனால் தட்டில் தண்ணீரை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம் கூடவே கூடாது. செடிக்கு ஆகாது என்பது ஒன்று. ஏடிஸ் கொசு முட்டையிட அந்த ஒரு தட்டு போதும் என்பது இன்னொன்று. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்ப்பதும் அபராதம் போடுவதும் நமக்குத் தெரிந்ததுதான். இருபது நிமிடம் முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

சட்டி கனமாக, கிழங்கு இன்னும் கட்டியாக இருந்தால் காப்பாற்ற நேரம் இருக்கிறது. சட்டியைக் கவிழ்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ விறைப்பாக இருந்தால் நல்ல வேர். கரும்பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்த வேர், அதை எடுத்துவிடுங்கள். மண் உருண்டையைப் பழைய நாளிதழில் சுற்றி, ஈரம் இழுக்க இழுக்கத் தாளை மாற்றி, ஒரு நாள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிறகு புதிய காய்ந்த கலவையில் நட்டு, சில நாள் தண்ணீரே காட்டாதீர்கள். நான் போடும் கலவை தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்) ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. சுங்கை பூலோ நர்சரிகளில் இவை மூன்றும் மூட்டையாகக் கிடைக்கும். நார்த்தூளில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு முறை பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள். கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலே இருக்கட்டும்.

சட்டியின் எடையும் சரி, கிழங்கும் சரி, பிற்பகலில் மட்டும் தொங்கி இரவில் நிமிர்ந்தால் அது வெறும் சூடு. இடத்தை மாற்றுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள்.

மலையிலிருந்து கொண்டுவந்த மறுநாளே வாடினால் காரணம் பயணம். தாப்பா வழியாக இறங்கி, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சாப்பிட நிறுத்தும் அரை மணி நேரத்தில் பூட்டிய கார் அடுப்பாகிவிடும். காரின் பின்பெட்டியில் வைக்காமல் முன்சீட்டுக் காலடியில், குளிர்காற்று நேராகச் செடியில் அடிக்காதபடி வையுங்கள். யாராவது ஒருவர் காரிலேயே ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருக்கட்டும், அல்லது செடியையும் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பிடுங்கள். வாங்கும்போதே பூத்துக் குலுங்குவதை விட்டுவிட்டு, இலையை விலக்கினால் அடியில் நிறைய மொட்டு தெரியும் சட்டியை எடுங்கள். இந்தச் செடியில் இலைக் கணக்குக்குத்தான் மொட்டு. வளர்ந்த செடியில் ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு வரும். இலை அடர்த்தியாக இருந்தால் பூவும் தொடர்ந்து வரும்.

இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றன

வெளிவட்டத்தில் ஒன்றிரண்டு இலை மஞ்சளாவது வயது. திருகி எடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வெளியிலிருந்து உள்நோக்கி, வாரத்துக்கு நாலைந்து இலை என்று மஞ்சளாகி, கிழங்கு மட்டும் கட்டியாக இருந்தால் செடி உறங்கப் போகிறது. இரவு 24 டிகிரிக்குக் கீழ் இறங்காத வீட்டில் அது கோடைகாலம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். நோயில்லை. இதை மருந்தால் நிறுத்த முடியாது, குளிரால் தள்ளிப்போடலாம்.

தள்ளிப்போட விரும்புகிறவர்களுக்கு நம் வீடுகளில் இருக்கும் ஒரே வசதி படுக்கையறை ஏர்கோன். இந்தச் செடிக்குப் பகலைவிட இரவுக் குளிர் முக்கியம், அது நமக்கு அனுகூலம். இரவில் 20 டிகிரிக்கு வைத்த அறையில், தரையில் வையுங்கள். குளிர்ந்த காற்று கீழேதான் தங்கும். காற்று நேரடியாகப் படும் இடம் வேண்டாம். பகலில் வீட்டிலேயே குளிர்ச்சியான, வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். கிழக்கு ஜன்னல் உத்தமம். மேற்கு ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு மணி வெயிலில் இலை வெந்து வெளுத்துவிடும். இப்படிச் செய்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பூவைப் பார்க்கலாம். அதற்குமேல் எதிர்பார்ப்பது செடிக்கும் நியாயமில்லை என்பது என் கருத்து. ஒரு பூங்கொத்து வாங்கினால் ஒரு வாரம். அதே காசுக்கு இது எவ்வளவோ மேல்.

குளிர வைப்பதாக நினைத்துச் சிலர் ஐஸ்கட்டியைக் கிழங்கின்மேல் வைக்கிறார்கள். அது உருகி உச்சிக் குழியில் தேங்கும். வேண்டாம்.

பாதிச் செடி மட்டும் மஞ்சள்

ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாகி வாட, மறுபக்கம் பச்சையாக நின்றால், மஞ்சள் நிறம் இலையின் நுனியில் தொடங்காமல் காம்பு சேரும் இடத்தில் தொடங்கினால், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இது பெரும்பாலும் ஃபியூசேரியம் வாடல். மண்ணில் வாழும் பூஞ்சை வேர் வழியாகப் புகுந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. கிழங்கு வெளியே கட்டியாகவே இருக்கும், அதனால்தான் ஏமாந்துபோவோம். செடி போய்விட்டது என்று உறுதியானதும் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிர்ந்த சதைக்குள் செம்பழுப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் அதுதான்.

வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் இதற்கு எதுவும் இல்லை. சூடு கூடக்கூட இது வேகமெடுக்கும். செடியை மண்ணோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அந்த மண்ணை வேறு சைக்ளமனுக்குப் பயன்படுத்தாதீர்கள். சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துக் காயவிடுங்கள்.

நடுப்பகுதி கொழகொழவென்று நாறுகிறது

நேற்று நன்றாக நின்ற செடி இன்று மொத்தமாகச் சாய்ந்து, காம்புகள் இழுக்காமலே கையோடு வந்து, கிழங்கு கூழாகி மீன்சந்தை நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். நம் ஊர்ச் சூட்டில், உச்சியில் தண்ணீர் நின்ற செடிகளுக்கு வருவது. பிழைக்காது. மேலே சொன்னதுபோல் கட்டிப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பக்கத்துச் சட்டிகளை அதே கையால் தொடாதீர்கள்.

சாம்பல் நிறப் பூஞ்சை படர்கிறது

இதழில் தண்ணீர் பட்டதுபோல் சிறு புள்ளிகள், பிறகு காம்பின் அடியிலும் உதிர்ந்த பூவிலும் சாம்பல் நிறத்தில் தூசு படிந்த பூஞ்சை. ஊதினால் புகைபோல் பறக்கும். போட்ரைடிஸ் என்பார்கள். இது குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்து நோய். கோலாலம்பூரில் கிழங்கு அழுகல் எப்படியோ, கேமரன் மலையில் இது அப்படி. பிரிஞ்சாங், ரிங்லெட் பக்கம் வீட்டு வாசலில் வளர்ப்பவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே செடிக்கு வேண்டிய குளிர் தானாகவே கிடைக்கிறது, கூடவே மாலை மழையும் மூடுபனியும் வந்துவிடுகிறது.

மழை நேரே படாதபடி மேலே பிளாஸ்டிக் கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். சட்டிகளின் இலை ஒன்றோடொன்று உரசாத இடைவெளி விடுங்கள். தண்ணீரைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். இரவுக்குள் இலை காய்ந்திருக்க வேண்டும். வாடிய பூவை மண்ணில் விழவிடாமல் அன்றன்றைக்கே திருகி எடுங்கள், பூஞ்சை பெருகுவது அதில்தான். பூஞ்சை வந்த பாகத்தை உலர்ந்த நேரத்தில் எடுங்கள். ஈரத்தில் தொட்டால் கையே பரப்பிவிடும். இவ்வளவு செய்தால் மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. கோலாலம்பூரில் ஏர்கோன் அறையை இரவு பகலாக மூடியே வைத்திருப்பவர்களும் ஒரு சிறு மின்விசிறியை எட்டத்தில் ஓடவிடுவது நல்லது.

மொட்டு கருகுகிறது, பூ சீக்கிரம் உதிர்கிறது

மொட்டு இலைக்கடியிலேயே நின்று பழுப்பாவதற்கு முதல் காரணம் சூடான இரவு. இரண்டாவது, ஒரு முறை முழுசாகக் காய்ந்தது. மூன்றாவது, வெளிச்சம் போதாதது. மூன்றும் இல்லாமல், நன்றாக விரிந்த பூ இரண்டு மூன்று நாளில் தொங்கி உதிர்ந்தால் செடிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பழுக்கும் பழங்கள் எத்திலின் என்ற வாயுவை வெளிவிடும். சைக்ளமன் பூவுக்கு அது ஆகாது. சாப்பாட்டு மேசையில் ரஸ்தாளிச் சீப்புக்கும் மாம்பழக் கூடைக்கும் நடுவில் அழகுக்கு வைத்த செடி சீக்கிரமே பூவை இழந்துவிடும். டுரியான் காலத்தில் சமையலறைப் பக்கமே வேண்டாம். புகையும் அப்படித்தான். ஊரில் வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பார்களே, அங்கே வேலை செய்வதும் இதே வாயுதான். ஆகவே பூசை அறைக்குள் சாம்பிராணிக்கும் ஊதுவத்திக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். சாமிக்கு அந்தப் பூவைப் பறித்து வையுங்கள். செடி வரவேற்பறையில் இருக்கட்டும்.

இலை மட்டும், பூவே இல்லை

காம்பு நீண்டு, இலை பெரிதாகி, செடி கலைந்து விழுந்தால் வெளிச்சம் குறைவு. இலை கரும்பச்சையாகக் கொழுத்து, பூ இல்லையென்றால் தழைச்சத்து கூடிவிட்டது. கோழிச்சாணம், மாட்டுச்சாணம் இரண்டுமே இந்தச் செடிக்கு வேண்டாம். தக்காளிக்குப் போடும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள திரவ உரத்தைப் பாதி அளவுக்குக் கரைத்து, பூக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். இலை மஞ்சளாகத் தொடங்கிய செடிக்கு உரமே போடாதீர்கள். உறங்கப் போவதைத் தட்டி எழுப்ப உரத்தால் முடியாது. உப்பு சேர்ந்து வேர்தான் கருகும்.

நடு இலைகள் சுருண்டு, பூவில் கீற்று

புதிதாக வரும் இலை விரியாமல் உள்பக்கம் சுருண்டு, கெட்டியாகி, மொட்டு நிறம் மாறி நின்றுபோனால், பூத்த பூவிலும் ஒழுங்கற்ற கீற்றுகள் தெரிந்தால், சைக்ளமன் சிலந்திப்பேன் பிடித்திருக்கிறது. கால் மில்லிமீட்டருக்கும் சிறியது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, மொட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மேலே எதைத் தெளித்தாலும் உள்ளே போய்ச் சேராது. அதே பேன் ஸ்ட்ராபெரியையும், ஆப்பிரிக்க வயலட்டையும், ஜெர்பராவையும், பிகோனியாவையும் தாக்கும். கேமரனில் ஸ்ட்ராபெரித் தொட்டியும் சைக்ளமன் தொட்டியும் சேர்த்து வாங்கி ஒரே மேசையில் வைப்பது நம் வழக்கம். முதல் இரண்டு வாரமாவது இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். பேன் பிடித்த செடியைக் காப்பாற்றும் முயற்சியில் மற்றவற்றைப் பலிகொடுக்காமல், அதைக் கட்டி எறிவதே சரி.

மற்ற பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இதழில் மகரந்தத் தூள் சிந்திக் கிடந்து, வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் இலைப்பேன். பூவை வெள்ளைத்தாளில் தட்டினால் மெல்லிய பூச்சிகள் ஓடும். அந்தப் பூக்களை எடுத்துவிட்டு ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். இலைக்கடியில் நுண்ணிய வலை இருந்தால் செஞ்சிலந்தி; ஏர்கோன் காற்றின் வறட்சியில் வருவது. ஈரத்துணியால் இலையின் அடிப்பக்கத்தைத் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசலை ஒரே ஒரு இலையில் தடவிப் பார்த்து, கருகவில்லை என்றால் மற்றவற்றுக்கும் தடவுங்கள். மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈ பறந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம், காயவிட்டாலே குறையும்.

இலை ஓரம் மட்டும் கருகுகிறது

ஏர்கோன் நேரடியாக அடிக்கிறது, அல்லது உர உப்பு சேர்ந்துவிட்டது. மண்ணின்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் இரண்டாவது. இந்த ஒரு தடவை மட்டும் கிழங்கில் படாமல் ஓரமாக மேலிருந்து நிறையத் தண்ணீர் விட்டு, முழுக்க வடியவிடுங்கள்.

பூனை கடித்துவிட்டது

கிழங்கில் சப்போனின் என்ற நஞ்சு இருக்கிறது. இலை, பூவில் குறைவு, கிழங்கில்தான் அதிகம். பூனை, நாய் கடித்தால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும்; கிழங்கையே தின்றிருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டிலும் தரையில் வைப்பதைத் தவிர்த்து, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இலை எல்லாம் போய் கிழங்கு மட்டும் மிச்சம்

பலர் இந்த நேரத்தில்தான் தூக்கி எறிகிறார்கள். கிழங்கை அழுத்திப் பார்த்துக் கட்டியாக இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது.

தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தாமல், இலை குறையக் குறைய நீங்களும் குறையுங்கள். கடைசி இலையும் போனபின் சட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, மழைச்சாரல் படாத, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கொண்டோ பால்கனி என்றால் உள்சுவரை ஒட்டி வையுங்கள். காற்றடித்து வரும் மழை எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை சட்டியின் ஓரத்து மண்ணை மட்டும் லேசாக நனைத்தால் கிழங்கு சுருங்கிப்போகாது. இப்படி இரண்டு மூன்று மாதம் இருக்கட்டும்.

உறங்க வைப்பது நம் ஊரில் எளிது, எழுப்புவதுதான் கடினம். கிழங்கு விழிக்க இலையுதிர்காலத்துக் குளிர் வேண்டும், அது கோலாலம்பூரிலும் இல்லை, பினாங்கிலும் இல்லை. மலையில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். கேமரன் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி நம்மவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். யாராவது ஒரு மாமாவோ சித்தியோ கிடைக்காமல் போகமாட்டார்கள். கையோடு எடுத்துப்போக ஒரு காகிதப் பையும் உலர்ந்த நார்த்தூளும் போதும்; பிளாஸ்டிக்கில் கட்டினால் வியர்த்து அழுகும். அப்படி யாரும் இல்லாதவர்கள் இரவு தவறாமல் ஏர்கோன் ஓடும் அறையில் முயன்று பார்க்கலாம். சில கிழங்கு தளிர் விடும், பல விடாது.

மலையில் உங்களிடமிருந்து கிழங்கை வாங்கிக்கொள்பவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழைய மண்ணை உதறிவிட்டு, கிழங்கைவிட இரண்டு விரல் அகலமான சட்டியில் புதிய கலவையில் நட வேண்டும். பெரிய சட்டி ஈரத்தைத் தேக்கும். மேற்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். முதலில் ஒரு முறை கீழிருந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, தளிர் தெரியும்வரை மண் காய்ந்து காய்ந்து நனையட்டும். இலை நாலைந்து விரிந்தபிறகு வழக்கமான தண்ணீர். முதல் மொட்டு இலைக்கடியில் தென்படும்வரை உரம் எதுவும் போட வேண்டாம்.